ப்ராம்: ஒரு நடன மண்டபத்து வாசலின் வரலாறு

வட அமெரிக்காவின் கீழ்த்திசையில், மாஸசூஸெட்ஸ் மாகாணத்தை ஊடறுத்து ஓடும் கனெக்டிகட் நதிக்குக் கிழக்கே ஆம்ஹர்ஸ்ட் என்னும் ஊரிலும், மேற்கே நார்தாம்ப்டன் என்னும் ஊரிலும் பெயர்பெற்ற இரண்டு கல்லூரிகள் இருக்கின்றன. முன்னதில் அக்காலத்தில் ஆண்கள் மட்டுமே பயின்றார்கள். பின்னதாகிய ஸ்மித் கல்லூரி பெண்களுக்கென்றே ஏற்பட்டது. 1894-ஆம் ஆண்டில் ஆம்ஹர்ஸ்ட் மாணவர் ஒருவர், நதிக்கு அக்கரையில் ஸ்மித் கல்லூரியார் நடத்தும் 'ப்ராம்' என்ற நடன வைபவத்துக்குத் தாம் அழைக்கப்பட்ட செய்தியைத் தம் நாட்குறிப்பில் எழுதி வைத்தார். இன்றைக்கு ஆண்டுதோறும் வசந்த காலத்தின் கடைசி வாரங்களில் அமெரிக்க உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகள், பல மாதங்களாக எதிர்பார்த்திருந்து, புத்தாடை புனைந்து, மலர் அணிந்து, இணை இணையாகச் சென்று கலந்துகொள்ளும் அந்த வைபவத்தைப் பற்றிய மிகப் பழைய குறிப்புகளுள் ஒன்றாக ஆராய்ச்சியாளர் காட்டுவது இந்த நாட்குறிப்பைத்தான்.

ஐரோப்பியப் பிரபுக்களின் இல்லங்களில், மணப்பருவம் எய்திய மகளைச் சமூகத்தாருக்கு முறைப்படி அறிமுகம் செய்துவைக்கும் நடன விருந்துகள் நெடுங்காலமாக நடைபெற்று வந்தன. அவ்வழக்கத்தை நியூயார்க், பிலடெல்பியா, பாஸ்டன் நகரங்களின் பெருஞ்செல்வர்கள் தமதாக்கிக்கொண்டார்கள். விருந்தின் தொடக்கத்தில் வந்தோர் அனைவரும் இருவர் இருவராகக் கைகோத்து, வாத்தியத்தின் தாளத்துக்கேற்ப மண்டபத்தைச் சுற்றி நடந்து வருவது சம்பிரதாயம். மாளிகையும் பணியாட்களும் இல்லாத நடுத்தரக் குடும்பத்தார், தம் மக்கள் கல்லூரிக்குப் போகத் தொடங்கியதும், மாளிகையில் நடப்பதைக் கல்லூரி மண்டபத்திலேனும் நடத்திப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டார்கள். 'ப்ராமனாட்' என்ற அந்த ஊர்வல நடையின் பெயரே முழு வைபவத்துக்கும் பெயராகி, மாணவர் வாயில் குறுகி வழங்கலாயிற்று.

அந்நாளைய நடன விருந்துகளில் பெண்கள் மணிக்கட்டில் தொங்கவிட்டுக்கொண்ட நடனச் சீட்டுகள் சில இன்றும் அமெரிக்க அருங்காட்சியகங்களிலும் கல்லூரி ஆவணக் களரிகளிலும் பாதுகாக்கப்படுகின்றன. உள்ளங்கையில் அடங்கும் சிறு ஏடு அது. மேலட்டையில் கல்லூரியின் முத்திரை அல்லது ஒரு பூவேலை. உள்ளே அன்றிரவு இசைக்கப்படும் வால்ட்ஸ், போல்கா, டூ-ஸ்டெப் முதலிய நடனங்கள் எண்ணிட்டு வரிசையாக அச்சிடப்பட்டிருக்கும். ஒவ்வொரு நடனத்தின் எதிரிலும் ஒரு வெற்றுக்கோடு. ஏட்டின் மடிப்பில் கோத்த பட்டுக்கயிற்றின் நுனியில் சுண்டுவிரலினும் சிறியதாக ஒரு பென்சில் தொங்கும். எந்த நடனத்தைத் தன்னோடு ஆட விரும்புகிறாள் என்று கேட்டு, ஓர் இளைஞன் அந்தக் கோட்டின்மேல் தன் பெயரை எழுதுவான். பென்சிற் கறை மங்கிய பெயர்கள் நிறைந்த ஏடுகளையும், ஒரு பெயரும் ஏறாமல் வெள்ளையாகவே எஞ்சிய ஏடுகளையும் எண்ணிப் பார்க்கும்போது, இந்த வைபவம் ஆதி நாளிலிருந்தே சிலரை அழைத்துச் சிலரை நிறுத்திவைக்கும் இயல்புடையதாக இருந்தது என்பது விளங்குகிறது. ப்ராமின் சரித்திரத்தை உடையலங்காரத்தின் சரித்திரமாக எழுதியவர்கள் உண்டு. நடனத்தின் சரித்திரமாக எழுதியவர்களும் உண்டு. எனக்கோ அது, மண்டபத்து வாசலில் யார் உள்ளே விடப்பட்டார்கள், யார் வெளியே நிறுத்தப்பட்டார்கள் என்பதன் சரித்திரமாகவே தோன்றுகிறது.

கல்லூரி வைபவம் பள்ளிக்கு இறங்கி வந்தது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில். அதற்குக் காரணமாக இருந்தது அமெரிக்காவின் பொதுக்கல்வி வரலாற்றில் நிகழ்ந்த ஒரு பெருமாறுதல். 1910-ஆம் ஆண்டில் அந்நாட்டு இளைஞருள் நூற்றுக்கு ஏறக்குறைய ஒன்பது பேரே உயர்நிலைப் பள்ளிப் படிப்பை முடித்தார்கள். 1940-இல் அத்தொகை நூற்றுக்கு ஐம்பதாக உயர்ந்துவிட்டது. விவசாயியின் மகனும், ஆலைத் தொழிலாளியின் மகளும், இத்தாலியிலிருந்தும் போலந்திலிருந்தும் கப்பலேறி வந்த குடியேறிகளின் பிள்ளைகளும் ஒரே வகுப்பறையில் உட்கார்ந்து படித்து வெளியேறலானார்கள். பெரும்பாலோர்க்கு அதற்குமேல் கல்லூரி கிடையாது; பள்ளிப் படிப்பின் முடிவே இளமையின் முடிவு. ஆகவே பள்ளியை விட்டுப் போகும் மூத்த வகுப்பாருக்கு அடுத்த வகுப்பார் விருந்தளித்து விடைகொடுக்கும் வழக்கம் ஊருக்கு ஊர் வேரூன்றியது. நம் கல்லூரிகளில் இளைய மாணவர் மூத்தவர்க்கு நடத்தும் பிரிவுபசார விழாவை அறிந்தோர்க்கு இதன் உணர்ச்சி புதிதன்று. முதலில் அது வெறும் விருந்தாகவே இருந்தது. பின்னர் விருந்தின் இறுதியில் நடனம் சேர்ந்தது. பின்னர் நடனமே பிரதானமாயிற்று.

அந்நாளில் ப்ராமுக்கென்று ஹோட்டலை நாடுவதில்லை, வாடகை மண்டபம் எடுப்பதில்லை. பள்ளியின் உடற்பயிற்சிக் கூடமே நடன மண்டபம். கூடைப்பந்து வளையங்களை மறைக்க வண்ணக் காகிதத் தோரணங்களைக் கூரையிலிருந்து முறுக்கித் தொங்கவிட்டு, மரப்பலகைத் தளத்தைத் துடைத்து மெழுகு பூசி, இளைய வகுப்பார் வாரக்கணக்கில் உழைத்தார்கள். செலவுக்குப் பணம் வேண்டி வீட்டில் சுட்ட கேக்குகளை விற்றார்கள். மோட்டார் வண்டிகளைக் கழுவிக் கொடுத்துக் காசு சேர்த்தார்கள். ஆசிரியர்களும் இதனை ஊக்குவித்தனர். பெண்ணிடம் எப்படி மரியாதையாகப் பேசுவது, மேசையில் எப்படி அமர்ந்து உண்பது, அழைத்து வந்தவளை எப்படிப் பத்திரமாக வீடு சேர்ப்பது ஆகிய ஒழுக்கங்களை, அவற்றை வீட்டில் கற்கும் வாய்ப்பில்லாத பிள்ளைகளுக்கு ஒரே இரவில் கற்பித்துவிடலாம் என்பது அவர்கள் நம்பிக்கை. சீமான்களின் சம்பிரதாயத்தைச் சாமானியர் வீட்டுப் பிள்ளைகளுக்குத் திறந்துவிட்டது அந்த உடற்பயிற்சிக் கூடந்தான்; இந்த வைபவத்தின் மிகப் பெரிய புண்ணியமாக நான் கருதுவதும் அதுவே.

எல்லா ஊர்களும் இதனை உவந்து ஏற்றன என்பதற்கில்லை. நடனமே பாபம் என்று கருதிய கிறிஸ்தவத் திருச்சபைகள் பல இருந்தன. அவற்றின் செல்வாக்குள்ள ஊர்களில் விருந்து மட்டும் நடந்தது. ஒக்லஹோமா மாகாணத்தில் எல்மோர் சிட்டி என்னும் சிற்றூரில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஊர் தோன்றிய காலந்தொட்டுப் பொது நடனத்துக்குத் தடை இருந்துவந்தது. 1980-ஆம் ஆண்டில் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் தங்களுக்கு ஒரு ப்ராம் வேண்டும் என்று பள்ளிக் குழுவின் முன் விண்ணப்பித்து, ஊரே இரண்டுபட்டு வாதித்து, முடிவில் தடை நீங்கி, அவ்வூரின் முதல் பள்ளி நடனம் நிகழ்ந்தது. 1984-இல் வெளிவந்த 'ஃபுட்லூஸ்' என்ற திரைப்படத்துக்கு வித்தாக அமைந்தது அந்த நிகழ்ச்சியே.

இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் அமெரிக்காவில் பெருகிய செல்வம் ப்ராமின் தோற்றத்தை அடியோடு மாற்றியது. இளம்பெண்களுக்கென்றே 1944-இல் தொடங்கிய 'செவன்டீன்' போன்ற பத்திரிகைகள், எந்த நிறத்துக் கவுன், எந்த வகைத் தலையலங்காரம் என்பனவற்றைப் படங்களோடு போதிக்கத் தொடங்கின. நியூயார்க்குக்கு வடக்கே டக்ஸீடோ பார்க் என்னும் செல்வர் குடியிருப்பில் 1880-களில் பெயர்பெற்ற மாலையங்கி, வாடகைக் கடைகளின் தயவால் தொழிலாளி மகனின் தோளிலும் ஓரிரவு ஏறியது. உடற்பயிற்சிக் கூடத்தை விட்டுப் பல பள்ளிகள் ஹோட்டல்களின் நடன அறைகளுக்குக் குடிபெயர்ந்தன. ராணியையும் ராஜாவையும் மாணவர் வாக்களித்துத் தேர்ந்தெடுத்து முடிசூட்டும் வழக்கம் பரவியது. விஸ்கான்ஸின் மாகாணத்து ரஸீன் நகரத்தில் 1953 முதல், ஊரின் பல பள்ளிப் பிள்ளைகளும் தத்தம் ப்ராம் முடிந்ததும் ரோட்டரி சங்கத்தார் நடத்தும் பொது வைபவம் ஒன்றுக்கு விதவிதமான வாகனங்களில் வந்து இறங்குகிறார்கள்; அந்தக் காட்சியைக் காண நடைபாதையெல்லாம் ஜனங்கள் நாற்காலி போட்டு அமர்ந்திருக்கிறார்கள். விஸ்கான்ஸின், மின்னஸோட்டா, ஐயோவா முதலிய நடுமேற்கு மாகாணங்களின் சிற்றூர்களில் ஆதிகாலத்து ஊர்வல நடை இன்னும் அழியவில்லை. ஒவ்வோர் இணையின் பெயரும் ஒலிபெருக்கியில் கூறப்பட, பிள்ளைகள் மேடையில் தோன்றி நடந்து செல்கிறார்கள்; பாட்டன்மார் பாட்டிமார் உட்பட ஊரார் அனைவரும் கூடத்தின் படிவரிசைகளில் அமர்ந்து கைதட்டுகிறார்கள்.

இன்று முதன்முதலாக ஒரு ப்ராமுக்குப் போகும் பிள்ளை காணப்போவது என்ன? வீடு அன்று கல்யாண வீடு போல் ஆகிவிடும். அதற்குப் பல வாரங்களுக்கு முன்பே, ஒருவர் மற்றவரை 'என்னோடு ப்ராமுக்கு வருகிறாயா?' என்று, அட்டையில் எழுதிய வாசகத்தோடும் பூங்கொத்தோடும் கேட்பது இந்த நூற்றாண்டில் தனிச்சடங்காகவே வளர்ந்திருக்கிறது. வேறு பள்ளியிலிருந்து துணை வருவதானால், பெற்றோரும் அப்பள்ளித் தலைமையாசிரியரும் கையொப்பமிட்ட அனுமதித் தாளைப் பல பள்ளிகள் முன்கூட்டியே கேட்டு வாங்கும். குறித்த மாலையில் பையன் ஒரு சிறிய ஒளிபுகும் பெட்டியோடு வருவான். அதனுள், பெண்ணின் ஆடை நிறத்துக்குப் பொருந்தும் ரோஜா அல்லது ஆர்க்கிட் மலர்கள் இரண்டு மூன்றைப் பச்சிலையும் ரிப்பனும் சேர்த்து, மணிக்கட்டில் அணியும் பட்டையில் தொடுத்திருக்கும். கடைக்காரர் குளிர்பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்த ஈரம் இன்னும் இதழ்களில் இருக்கும். அதற்கு ஈடாகப் பெண் அவன் மேலங்கியின் மடிப்பில் ஒற்றை மலரைக் குத்துவாள். ஊசி பழகாத கை நடுங்கும்போது தாய் வந்து உதவுவதும் வழக்கமே. பிறகு புல்வெளியில் நின்று படம் எடுத்துக்கொள்வது, பின்பு நண்பர் கூட்டத்தோடு உணவு, அதன்பின் மண்டபம்.

மண்டபத்து வாசலில் ஆசிரியர்கள் சீட்டைச் சரிபார்ப்பார்கள்; சில பள்ளிகளில் மது அருந்தவில்லை என்பதை உறுதிசெய்ய மூச்சுச் சோதனையும் உண்டு. உள்ளே வாத்தியக் கோஷ்டியின் இடத்தில் இப்போது டி.ஜே. இருக்கிறார். பெரும்பாலான நேரம் பிள்ளைகள் கூட்டமாக வட்டமிட்டுத் துள்ளுவார்கள்; இடையிடையே மெதுவான பாட்டு வரும்போது மட்டும் இருவர் இருவராக ஆடுவார்கள், ஆடத் தெரியாதவர்கள் சுவரோரம் நின்று பேசிக்கொண்டிருப்பார்கள். இணையில்லாமல் தோழியரோடும் தோழரோடும் கூட்டமாகப் போவது இன்று இழிவாகக் கருதப்படுவதில்லை. சொல்லப்போனால், முதல்முறை போகும் பிள்ளைக்கு அதுவே மிகவும் நிம்மதியான வழி என்பேன். நள்ளிரவுக்கு முன் விளக்குகள் ஏற்றப்பட்டு வைபவம் முடியும்.

முடிந்தபின்தான் பெற்றோரின் கவலை தொடங்குகிறது, அக்கவலை காரணமற்றதன்று. மெய்ன் மாகாணத்தில் ஆக்ஸ்ஃபோர்டு ஹில்ஸ் என்னும் வட்டாரத்தில் 1979-ஆம் ஆண்டில், பள்ளி முடியும் பருவத்தில், மதுவும் போதையும் சேர்ந்த விபத்துகளில் இளைஞர் பலர் மாண்டார்கள். துயருற்ற ஊரார் 1980-இல் பள்ளி முடிவு விழாவின் இரவு முழுவதும் பிள்ளைகளை ஒரே இடத்தில் விளையாட்டும் விருந்துமாக வைத்திருந்து, விடிந்தபின் வீட்டுக்கு அனுப்பும் ஏற்பாட்டைச் செய்தனர். 'புராஜெக்ட் கிராஜுவேஷன்' என்ற பெயரோடு அது நாடெங்கும் பரவி, ப்ராம் இரவுக்கும் வழிகாட்டியாயிற்று. மது வாங்குவதற்குரிய வயதை இருபத்தொன்றாக்க மாகாணங்களை வற்புறுத்தும் மத்தியச் சட்டம் 1984-இல் வந்தது. பெற்றோர் சங்கத்தார் விடிய விடியக் கண்விழித்து நடத்தும் அந்த விருந்துகளைக் காட்டிலும் உயர்ந்த பொதுத்தொண்டு எதையும் இந்த வைபவத்தின் வரலாற்றில் நான் காணவில்லை.

இனி வாசலைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1975-ஆம் ஆண்டு மே மாதம் 31-ஆம் தேதி, குடியரசுத் தலைவர் ஜெரால்டு ஃபோர்டின் மகள் சூசன் படித்த ஹோல்ட்டன்-ஆர்ம்ஸ் பள்ளியின் ப்ராம், வெள்ளை மாளிகையின் கிழக்கு அறையில் நடந்தது. அந்த மாளிகையில் நடந்த ஒரே பள்ளி ப்ராம் அதுதான். தந்தையும் தாயும் அப்போது ஐரோப்பியச் சுற்றுப்பயணத்தில் இருந்தார்கள். மாணவியர் தாமே பணம் திரட்டி நடத்தினார்கள். தேசத்தின் முதல் இல்லமே இவ்வாறு பள்ளிப் பிள்ளைகளுக்குக் கதவு திறந்த அதே வசந்தத்தில், தெற்கத்திய மாகாணங்களின் எத்தனையோ ஊர்களில், ஒரே வகுப்பில் படித்த வெள்ளைப் பிள்ளைகளும் கறுப்புப் பிள்ளைகளும் வெவ்வேறு மண்டபங்களில் ஆடிக்கொண்டிருந்தார்கள்.

பள்ளிகளில் நிறப்பாகுபாடு சட்டவிரோதம் என்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது 1954-இல். தெற்கத்திய மாகாணங்களின் பள்ளிகள் பல மெய்யாகவே ஒன்றுபட்டதோ 1970-ஐ ஒட்டித்தான். ஒன்றுபட்ட கணமே பல பள்ளிகள் ப்ராம் நடத்துவதையே கைவிட்டன. பள்ளி நடத்தினால் எல்லாருக்கும் இடம் கொடுக்க வேண்டுமல்லவா? ஆகவே வெள்ளைப் பெற்றோர் சொந்தச் செலவில் தனியார் மண்டபத்தில் தம் பிள்ளைகளுக்கு ஒரு ப்ராம் நடத்தினார்கள். கறுப்புப் பெற்றோர் தம் பிள்ளைகளுக்கு வேறொன்று நடத்தினார்கள். பகலில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள், ஒரே அணியில் கால்பந்தாடியவர்கள், ஓரிரவில் மட்டும் அந்நியரானார்கள். சட்டத்தின் கை எட்டாத இடத்தில் வழக்கம் எப்படிப் பதுங்கிக்கொள்கிறது என்பதற்கு இதைவிட வேதனையான சான்று வேண்டியதில்லை.

மிஸ்ஸிஸிப்பி மாகாணத்துச் சார்ல்ஸ்டன் என்னும் சிற்றூரோடு தொடர்புள்ளவர் புகழ்பெற்ற நடிகர் மார்கன் ஃப்ரீமன். அவ்வூர்ப் பள்ளியில் எல்லாரும் சேர்ந்து ஒரே ப்ராம் நடத்துவதானால் செலவு முழுவதையும் தாமே ஏற்பதாக 1997-இல் அவர் முன்வந்தார்; ஒருவரும் ஏற்கவில்லை. பதினோர் ஆண்டுகள் கழித்து மறுபடியும் சொன்னார். இம்முறை மாணவர்கள் ஏற்றார்கள். 2008-ஆம் ஆண்டு ஏப்ரலில் அங்கே முதல் பொது ப்ராம் நிகழ்ந்தது. அந்த ஆண்டுங்கூட வெள்ளைப் பெற்றோர் சிலர் தனி நடனம் ஒன்றை நடத்தத் தவறவில்லை. ஜார்ஜியா மாகாணத்து டெய்லர் கவுன்டியில் 2002-இல் பொது ப்ராம் நடந்து, மறு ஆண்டே வெள்ளையர் சிலர் தனி ப்ராமுக்குத் திரும்பினார்கள். அதே மாகாணத்தில் வில்காக்ஸ் கவுன்டியில் 2013-இல், இரு கறுப்புப் பெண்களும் இரு வெள்ளைப் பெண்களுமாகிய நான்கு தோழியர், படம் எடுத்துக்கொள்ளக்கூட ஒரே மண்டபத்தில் நிற்க முடியாத நிலைக்கு மனம் பொறாமல், தாமே பணம் திரட்டத் தொடங்கினார்கள். செய்தி பரவி, நாடெங்குமிருந்து உதவி வந்தது. அண்டை ஊராகிய கார்டீலில் நடனம் நடந்தது. அடுத்த ஆண்டு பள்ளியே பொது ப்ராமைத் தன் பொறுப்பில் நடத்தியது. அரசியல்வாதிகளும் நீதிமன்றங்களும் அறுபது ஆண்டுகளில் திறக்க முடியாத கதவை நான்கு சிறுமியர் திறந்தார்கள் என்பதை நினைக்கும்போது என் நெஞ்சு நெகிழ்கிறது.

கதவு வேறு சிலருக்கும் அடைபட்டிருந்தது. ரோட் ஐலண்டு மாகாணத்தில் கம்பர்லண்டு என்னும் ஊரின் மாணவர் ஏரன் ஃப்ரிக், தம் ஆண் தோழரைத் துணையாக அழைத்துச் செல்லப் பள்ளி மறுத்ததால் 1980-இல் மத்திய நீதிமன்றத்தை அணுகினார். கலவரம் வரும் என்று பள்ளி அஞ்சியது. கலவரம் செய்ய நினைப்போரைத் தடுப்பதே பள்ளியின் கடமை, மாணவரின் கருத்துரிமையைப் பறிப்பதன்று என்ற நோக்கில் தீர்ப்பு அமைந்தது. அவர்கள் சென்றார்கள், ஆடினார்கள். முப்பது ஆண்டுகள் கழித்து, 2010-இல், மிஸ்ஸிஸிப்பியில் ஃபுல்ட்டன் என்னும் ஊரில் கான்ஸ்டன்ஸ் மக்மில்லன் என்ற மாணவி தம் தோழியோடு வர அனுமதி கேட்டபோது, பள்ளி அதிகாரிகள் ப்ராமையே ரத்து செய்தார்கள். உண்மையான நடனம் வேறோர் இடத்தில் நடக்க, அவரை ஏழெட்டுப் பேர் மட்டும் வந்திருந்த மற்றொரு மண்டபத்துக்கு அனுப்பிவைத்தார்கள். வழக்கின் முடிவில் 35,000 டாலர் நஷ்டஈடும், பாகுபாடு காட்டுவதில்லை என்ற விதியும் கிடைத்தன. இழந்த இரவு கிடைக்கவில்லை.

நிறமும் துணையும் தடையாக நில்லாத இடத்தில் இன்று தடையாக நிற்பது பணம். வீசா நிறுவனம் 2013-இல் எடுத்த கணக்கில், ஒரு குடும்பம் ஒரு பிள்ளையின் ப்ராமுக்கு ஒதுக்கும் தொகை சராசரியாக ஆயிரத்து நூறு டாலரைத் தாண்டியது. உடை, சீட்டு, மலர், தலையலங்காரம், நீண்ட லிமோசின் வண்டி என்று அது ஏறுகிறது. இதற்கு மாற்று தேடியவர்களும் இருக்கிறார்கள். ஒருமுறை உடுத்த கவுன்களைச் சேகரித்து, சலவை செய்து, வசதியற்ற பெண்களுக்கு இலவசமாக வழங்கும் தொண்டர் குழுக்கள் பல நகரங்களில் இயங்குகின்றன. வலுவான ஒட்டுநாடாவாகிய டக் டேப் கொண்டே முழு உடையையும் வெட்டி ஒட்டித் தைத்ததுபோல் அமைத்து அணிந்துவரும் பிள்ளைகளுக்குக் கல்வி உதவித்தொகை அளிக்கும் போட்டி ஒன்று 2001 முதல் நடக்கிறது. அவ்வுடைகளில் சில, கைதேர்ந்த தையற்காரரும் வியக்கும் வேலைப்பாடு கொண்டவை. 2020-இல் கொள்ளைநோய் பரவி மண்டபங்கள் மூடப்பட்டபோது, கவுன் அணிந்து வீட்டு முற்றத்தில் நின்று கணினித் திரைவழியே ஆடிய பிள்ளைகள், செலவும் மண்டபமும் இல்லாமலும் அந்த இரவை விடமாட்டோம் என்று காட்டினார்கள்.

கடல் கடந்து அங்கே குடியேறிய நம்மவர் வீடுகளிலும் இப்போது இந்த இரவு வந்துகொண்டிருக்கிறது. அத்தகைய பெற்றோருக்கு என் வேண்டுகோள் இது. பிள்ளை போகலாமா என்று கேட்டால், யாரோடு, எந்த வண்டியில், எத்தனை மணிக்குத் திரும்புவது என்பனவற்றைப் பேசி முடித்துக்கொண்டு, மனமார அனுப்பிவையுங்கள். பள்ளியில் இரவுக் காவலுக்குப் பெற்றோரைக் கேட்டால் நீங்களும் பெயர் கொடுங்கள். அத்துடன், உங்கள் பிள்ளையின் வகுப்பில் சீட்டு வாங்க வழியில்லாமல் வீட்டில் இருக்கப்போகும் பிள்ளை யாரேனும் உண்டா என்று ஒரு வார்த்தை விசாரியுங்கள்; உண்டென்றால், பெயர் தெரியாதபடி அந்தச் சீட்டுக்கான பணத்தைப் பள்ளி அலுவலகத்தில் கட்டிவிடுங்கள்.